பெட்டியில் கட்டிய வெள்ளைச் சீட்டு

இல்லை சித்தி, இன்னும் சொல்லவில்லை.

முதலில் வணக்கம் போட்டிருக்க வேண்டும். வணக்கம். கப்பலிலிருந்து இறங்கி, எல்லோரும் முழுசாக வீடு வந்து சேர்ந்தோம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அம்மாவிடமிருந்து எங்களுக்கும், எங்களிடமிருந்து மாடி முழுவதற்கும். சித்தப்பாவின் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மரியாதைகள் முடிந்தன.

"கப்பல்ல வெச்சு சொல்லிடுடி. நடுக்கடல்ல உங்கம்மா எழுந்து எங்க போயிடுவா?" என்று கேட்டீர்கள். எங்கெல்லாம் போகலாம் என்பதற்கு இப்போது என்னிடம் விரிவான பதில் இருக்கிறது. அந்தக் கப்பல் ஒரு தெருவின் நீளம், ஒரு அடுக்குமாடியின் உயரம். ஓயாத லிஃப்டுகள். எந்நேரமும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கூடம். பேச்சின் பாதியில் எழுந்து போகிறவர்களுக்காகவே கட்டியது போல இருந்தது.

சொல்ல வேண்டியது சின்ன விஷயம். தூரத்து ஊரில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் வேலை. ஒப்புக்கொண்டுவிட்டேன். மாதக் கடைசியில் விமானம். இரண்டு வருஷம். அண்ணன் கல்யாணமாகித் தனி வீடு போன பிறகு எங்கள் வீட்டில் மூன்று தட்டு. இனி இரண்டு. இதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒத்திகை பார்த்தேன். அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே அறை. அண்ணனும் அண்ணியும் அடுத்த அறை. தனிமை வேண்டுமென்றால் குளியலறை மட்டும். திரும்பினால் முழங்கை இடிக்கும். அங்கிருந்த திரை, ஈரமானால் பாசமுள்ள உறவினரைப் போல மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, காலைதோறும் பேசினேன். முதல் நாள் சாதாரணமாக. இரண்டாம் நாள், "பிரிவு என்பது இடம் சம்பந்தப்பட்டது மட்டும்தான், அம்மா." மூன்றாம் நாள் கண்ணாடியில் இருந்தவளுக்கே கண் கலங்கிவிட்டது. எனக்குப் பிறகு அப்பா உள்ளே போய் வாய் கொப்பளிப்பார். அடுத்த அறையிலிருந்து அண்ணன், "அப்பா, போதும்பா!" என்று கத்துவான்.

இனி, நான் சொல்லாத வரலாறு.

கரையே கண்ணில் படாத நாள் அது. மேல்தளத்தில் அம்மா சாய்வு நாற்காலியில் இருந்தாள். ஐந்து பேருக்கும் ஐந்து நாற்காலி பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு செருப்போ தொப்பியோ போட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரிய மனிதர் வந்து ஓரத்து நாற்காலியை இழுத்தார். அம்மா ஒற்றை விரலை உயர்த்தினாள். அவர் நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஏதோ மன்னிப்புப் போல முனகிக்கொண்டு நகர்ந்தார். அந்த விரலை உங்களுக்குத் தெரியும். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறவர்களை இத்தனை வருஷமாக உட்காரவைத்த விரல்.

நல்ல காற்று. நல்ல வெளிச்சம். இதுதான் நேரம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, ஒரு விஷயம்."

"சொல்லு."

"நான் போகப்..."

"ஐயோ, அப்பாவைக் காணோமே!"

எழுந்துவிட்டாள். அப்பா எங்கே இருப்பார் என்பது கப்பலுக்கே தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கை விடுமுறைக்குக் கூட்டிப் போனால் அவர் கடலையா பார்ப்பார்? ஏறிய முதல் நாளிலிருந்து மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. அம்மாவைப் பார்த்ததும், "இங்க வாயேன், இந்த நடு லிஃப்ட் மூச்சு வாங்குது, கேளு" என்றார். அம்மா உள்ளே போய்க் கதவில் காதை வைத்தாள். இரண்டு பேரும் அப்படியே மேலே போனார்கள். கதவு மறுபடி திறந்தபோதும் அப்படியேதான் நின்றிருந்தார்கள். "ஆமாங்க, பாவம்" என்றாள் அம்மா. கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒருவருக்காக இன்னொருவர் நின்று ஒரு லிஃப்டின் மூச்சைக் கேட்பதற்குப் பெயர் என்ன, சித்தி? நான் படித்த புத்தகங்களில் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசை. அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தான், அண்ணி அப்பாவுக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஆரம்பித்தேன். "அம்மா, நான் போ..." அந்த நொடியில் விளக்குகள் மங்கி, பாட்டு எழும்பி, பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் நாப்கின்களைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு வரிசையாக ஆடி வந்தார்கள். பயணம் முடியப் போகிறதென்றால் இப்படி ஒரு வழியனுப்பு ஆட்டமாம். அம்மா எழுந்தாள். சரி, பார்க்கத்தான் எழுகிறாள் என்று நினைத்தேன். வரிசையில் சேர்ந்துவிட்டாள். ஒரு கையில் நாப்கின், மறு தோளில் கைப்பை. கைப்பையை விடவில்லை.

அண்ணன் என் காதில், "இது நம்ம அம்மாவா?" என்றான்.

எனக்கும் அதே சந்தேகம். இத்தனை வயதுக்கு அம்மா ஆடி நான் பார்த்ததில்லை. ஒழுங்காக ஆடினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் தப்பாக ஒரு அடிகூட இல்லை. சுற்றி முடித்து மூச்சு வாங்க நின்றவள், ஒவ்வொரு பரிமாறுகிறவரிடமும் போய்க் கையைப் பிடித்து, "கோ அண்ட் கம்" என்றாள்.

இந்த "கோ அண்ட் கம்"தான் எல்லாவற்றுக்கும் மூலம். நம் வீட்டில் "போறேன்" கிடையாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு வாங்க "போறேன்" என்று இறங்கிய அண்ணனைப் பாதிப் படியிலிருந்து திரும்ப ஏற்றி, வாசலில் நிறுத்தி, "போயிட்டு வரேன்" சொல்லவைத்து அனுப்பியவள் அம்மா. பல் பிடுங்கி, வாயில் பஞ்சோடு வெளியேறுகிறவர்களிடமும் "போயிட்டு வாங்க" என்பாள். பல் ஆஸ்பத்திரியில் அது வாழ்த்தா எச்சரிக்கையா என்று குழம்பியபடியே அவர்கள் படி இறங்குவார்கள். கப்பலில் அதை இங்கிலீஷுக்கு மாற்றினாள். சொல்லுக்குச் சொல், ஒரு குறை இல்லாமல்.

கடைசி நாள் சாயங்காலம். விதி இப்படி: சாப்பிடப் போகும் முன் பெட்டிகளை அறைக்கு வெளியே நடையில் வைத்துவிட வேண்டும். கைப்பிடியில் ஒரு வண்ணச் சீட்டு. எங்களுக்குப் பச்சை. கப்பல்காரர்கள் இரவோடு இரவாகக் கீழே இறக்கிவிடுவார்கள். மறுநாள் துறைமுகக் கூடத்தில் பச்சைப் பலகைக்குக் கீழே போய் எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய பெட்டி. அம்மா அதன்மேல் உட்கார்ந்து பூட்டினாள். மேசை மேல் துண்டு மிருகங்கள் வரிசையாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவற்றைப் பற்றிச் சொல்லவில்லையே. அறையைச் சுத்தம் செய்கிறவர் தினமும் ஒரு துண்டை மிருகமாக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். யானை, முயல், ஒரு நாள் குரங்கு. எங்களுக்குக் கொடுத்த துண்டு அதுதான். அம்மா ஒன்றையும் பிரிக்க விடவில்லை. "பாவம், எவ்வளவு பாடுபட்டு மடிச்சிருக்கான். அதைப் போய் உதறி முதுகைத் துடைக்கவா?" அவள் அவருக்கு வைத்த பெயர் துண்டுத் தம்பி. பயணம் முழுக்க நாங்கள் குளித்துவிட்டு அப்பாவின் சட்டைகளில் துடைத்துக்கொண்டோம்.

பெட்டி பூட்டியாகிவிட்டது. அப்பா லிஃப்டில். நானும் அம்மாவும் மட்டும்.

"அம்மா, நான் போற..."

அம்மா கதவைத் திறந்துகொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு, நடைக்கே போய்விட்டாள். அங்கே துண்டுத் தம்பி. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "லீவிங், மேடம்?" என்றார்.

அம்மா பதறினாள். "நோ, நோ! நோ லீவிங். கோ அண்ட் கம்."

"கம் பேக்?"

"கம் பேக். மஸ்ட்."

ஒரு மனிதரின் முகம் அவ்வளவு சீக்கிரம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. மண்டியிட்டு, பச்சைச் சீட்டை அவிழ்த்து, பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார். "பச்சை நல்லா இல்லைன்னு மாத்தறான் போல. என்ன அக்கறை பாரு" என்றாள் அம்மா. நானும் நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். சாப்பிடப் போனோம்.

காலையில் அப்பா சட்டை, சாக்ஸ், ஷூ எல்லாம் போட்டு, கீழே அண்ணி வாங்கிக் கொடுத்த கிளி போட்ட நீச்சல் டிரவுசரோடு நின்றார்.

"பேன்ட் எங்க?"

"பெட்டில" என்றாள் அம்மா.

"எல்லாமேவா?"

"ஒண்ணை விட்டுட்டா மறந்துடுவோம்ல?"

இறங்கும் இடத்தில் வெள்ளை உடுப்பு அதிகாரி ஒருவர் எங்கள் அட்டைகளை இயந்திரத்தில் காட்டச் சொன்னார். அம்மாவுடையதைப் பார்த்து, "கமிங் பேக், மேடம்?" என்றார். துண்டுத் தம்பி சொல்லிவைத்திருக்கிறார். "யெஸ், யெஸ். கோ அண்ட் கம்." அவர் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து சல்யூட் அடித்தார். "எவ்வளவு மரியாதை பாத்தியா? நம்ம ஆஸ்பத்திரில டாக்டருக்கே கிடையாது" என்று சொல்லி அட்டையைக் கைப்பைக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகு துறைமுகக் கூடம், சித்தி. பச்சைக்குக் கீழே எங்கள் பெட்டி இல்லை, சிவப்பில் இல்லை, மஞ்சளில் எங்களுடையதைப் போலவே ஒன்று, அண்ணன் அதை இழுத்துக்கொண்டு ஓடிவர அதன் சொந்தக்காரம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவர, அவரைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பெட்டி போய்விட்டது என்று மேசையைச் சூழ்ந்துகொள்ள, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அழப்போகும் நிலையில், அப்பா கிளிகளை மறைக்க அண்ணியின் கைப்பையைக் கடன் வாங்கி முன்னால் பிடித்துக்கொண்டு தூணோரம் ஒதுங்க, "வெள்ளைச் சீட்டுன்னா இறங்காம அடுத்த சுற்றுக்கும் கப்பல்லயே இருக்கறவங்களாம்மா! நம்ம பெட்டி ரூமுக்கே திரும்பிப் போயிடுச்சாம்! இறங்கினவங்க மறுபடி ஏற முடியாதாம், அவங்களே அனுப்பிவைப்பாங்களாம், வாரக் கணக்காகுமாம்!" என்று அண்ணன் மூச்சுவிடாமல் கத்த, அம்மா கூட்டத்துக்குள் நுழைந்தாள். ஒற்றை விரலை உயர்த்தினாள். "சிட். ப்ளீஸ். ஒன் பை ஒன் கால்." உட்கார்ந்தார்கள். மொழி தெரியாத, ஊர் தெரியாத அத்தனை பேரும் சுவரோர நாற்காலிகளில் வரிசையாக. ஒருவர் கன்னத்தில் கையைக்கூட வைத்துக்கொண்டார். மேசைப் பெண் அம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அண்ணி சொன்னாள்.

கூட்டம் கரைந்ததும் அம்மா கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "இது எதுக்காவது ஆகுமா, கேளு" என்றாள் என்னிடம்.

ஆனது. திரும்பி ஏறுகிறவர்களுக்கான அட்டை அது. அதை வைத்திருப்பவர் மட்டும் கப்பலுக்குள் போகலாம். தப்பான சொல்லுக்குக் கிடைத்த அந்தத் தப்பான அட்டைதான் எங்களிடம் இருந்த ஒரே சரியான தாள். வழியை மறித்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அம்மாவை மட்டும் விட்டார்கள்.

கப்பலில் ஏறும் பாலம் நீளமானது. அம்மா கைப்பையோடு தனியாக நடந்தாள். சின்னதாகிக்கொண்டே போனாள். அடுத்த சுற்றுக்காரர்கள் புதுத் தொப்பிகளோடு வந்து வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். திடீரென்று கப்பல் ஒரு முறை ஊதியது. சோதனைக்கு ஊதுவதாம். எனக்கு எப்படித் தெரியும்? "அம்மா!" என்று கத்திவிட்டேன். அவள் திரும்பினாள். அவ்வளவு தூரத்திலிருந்து, ஊரே பார்க்க, தமிழில்:

"போயிட்டு வரேன்!"

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் அதில் முதல் பாதி காதில் விழுவதே இல்லை, சித்தி. எனக்கு இது வரைக்கும் தெரியாது. எப்போதும் நான்தான் படியிறங்குகிறவள்.

வெகுநேரம் ஆயிற்று. அப்பா கிளிகளை மறைப்பதையும் விட்டுவிட்டார். "கதவைச் சாத்திட்டாங்கன்னா?" என்றார் ஒருமுறை. பிறகு வந்தாள். பின்னால் துண்டுத் தம்பி பெட்டியை உருட்டிக்கொண்டு பாலத்தின் பாதி வரை வந்து நின்றார். "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று அண்ணன் கேட்டதற்கு, "எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வர வேணாமா?" என்றாள். என்ன சொல்லிக்கொண்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பெட்டியில் இப்போது இரண்டு வெள்ளைச் சீட்டுகள் தொங்கின.

வீடு. தரை இன்னும் ஆடுகிறது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறார். எங்கள் கட்டிடத்து லிஃப்டில் ஏறியதும், "இதுதான் லிஃப்ட்" என்று கதவைத் தட்டிக்கொடுத்தார். அம்மா ஜன்னல்களைத் திறந்தாள், ஃபிரிட்ஜைத் திறந்து முகத்தைச் சுளித்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், மறுநாளே வேலைக்குக் கிளம்பினாள். பெட்டி என் அறையில் பூட்டியபடியே கிடக்கிறது. நேற்று என் கட்டிலில் ஒரு துண்டு. காது மாதிரி ஏதோ, கால் மாதிரி ஏதோ. யானையா நாற்காலியா தெரியவில்லை. நானும் அதைப் பிரிக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எப்படிச் சொல்ல, சித்தி? எதற்கும் அசையாத ஒருத்தியிடம், அவளை அசைக்கப் போகும் ஒரே விஷயத்தை. என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஃபோன் செய்து பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அழுவதற்கு ஒரு தங்கையாவது எதிர்முனையில் இருப்பாள். நான் அப்போது கடைக்குப் போயிருப்பேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம், உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நீங்கள் இருவரும் முழங்கால் வலி இல்லாமல் பல படி ஏறி இறங்க வேண்டும். என் தலையில் நீங்கள் கை வைத்ததாக நானே நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
சின்னது

பி.கு.: ஃபோன் செய்ய வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

கடிதத்தை ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, வேறு ஏதோ யோசனையில், "போறேம்மா" என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எங்க?"

"தபால் பெட்டிக்கு."

"அதுக்கா அவ்வளவு ஒத்திகை பாத்தே?"

மாட்டிய செருப்பைக் கழற்றினேன்.

"குழாயைத் திறந்துவிட்டா கேக்காதா? அப்பா கொப்பளிக்கறதே பக்கத்து ரூமுக்குக் கேக்குது. அண்ணி காலைல காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்து கேப்பாளாம். மொத நாள் சொன்னதுதான் நல்லா இருந்துது. அப்புறம் பிரிவு, இடம்னு என்னமோ கெடுத்துட்டே."

உள்ளே இருந்து அப்பா, "எனக்கு மூணாவது நாள்தான் பிடிச்சுது" என்றார்.

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கலை?"

"நான் கேட்டா நீ இல்லைன்னுடுவே. சொன்னதுக்காகவே போகாமலும் இருந்துடுவே. உன்னைத் தெரியாதா?"

"சொல்ல வந்தப்பல்லாம் எழுந்து எழுந்து ஓடினியே?"

"வாயைத் தொறந்தாலே 'நான் போ'ன்னு ஆரம்பிச்சா? அந்த வார்த்தையை முழுசா என் காதுல விழ விடுவேனா? அன்னிக்கு அதுக்குப் பயந்துதான் வெளியே ஓடினேன். அந்தத் தம்பி கேட்டான், நான் சொன்னேன், பெட்டி போச்சு. உன்னாலதான்டி உங்கப்பா கிளியோட வீடு வந்து சேந்தாரு."

ஆகவே, சித்தி, மேலே உள்ள அத்தனைக்கும் குற்றவாளி நான்தான்.

"இப்ப ஒழுங்கா சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஒத்திகை பார்த்தது எதுவும் அதில் இல்லை. இரண்டு சொல்.

அம்மா ஒற்றை விரலை உயர்த்தினாள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். ஒரே பாத்திரம். பிறகு திரும்பாமலேயே சொன்னாள்.

"அந்தப் பெரிய பெட்டியையே எடுத்துக்கோ. வெள்ளைச் சீட்டைக் கழட்டாதே."

பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் பேன்ட்டுகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். என் சட்டைகள் இரண்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.